தேவி வட்டத்துக்குப் போகிறேன், மகளைப் பிரித்துவிடுவார்களா?

பெயரையும் ஊரையும் மறைக்கும்படி கேட்டு ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். தென்மேற்கு இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையில் தாதியாக வேலை செய்கிறார். மணவிலக்குப் பெற்றவர். ஒன்பது வயது மகள் அவரோடு இருக்கிறாள். ஒரு வாரம் விட்டு ஒரு வார இறுதியில் தகப்பனிடம் போய்வருகிறாள். மணமுறிவுக்குப் பின் தூக்கமின்றித் தவித்த நாட்களில், உடன் வேலை பார்க்கும் ஒரு பெண் இவரைப் பெண்கள் மட்டுமே கூடும் தேவி வழிபாட்டு வட்டம் ஒன்றுக்கு அழைத்துப்போனார். தேவியையும் இயற்கையையும் போற்றி மந்திரச் சடங்குகள் செய்யும் விக்கா என்ற நவீன மத மரபையும் பெண்ணிய ஆன்மிகத்தையும் கலந்து நடத்துகிறார்கள். பௌர்ணமியிலும், ஆண்டில் எட்டுப் பருவ விழாக்களிலும் கூடுகிறார்கள். "அங்கே போன பிறகுதான் என் உடம்பை நான் வெறுப்பதை நிறுத்தினேன்" என்று எழுதியிருக்கிறார்.

இப்போது சிக்கல். அக்டோபர் 31 இரவில் நடந்த சௌவின் என்ற பருவ விழாவின் படம் ஒன்றை முகநூலில் போட்டிருக்கிறார். அதில் மகள் தீக்கு அருகே நின்று கறுப்புப் பிடி போட்ட ஒரு கத்தியைப் பிடித்திருக்கிறாள். முன்னாள் கணவரின் சொலிசிட்டரிடமிருந்து கடிதம் வந்துவிட்டது: தாய் சூனியம் செய்கிறார், அது இந்த நாட்டுச் சட்டத்துக்கு விரோதம், பிள்ளை இனித் தகப்பனோடு இருக்க வேண்டும், 14 நாளில் பதில் வேண்டும். இதோடு வேறு சில கேள்விகளும் உண்டு. "நான் இந்து என்றே நீதிமன்றத்தில் சொல்லிவிடலாமா?" வேலையிடத்தில், விக்காவின் அடையாளமான ஐந்துமுனை நட்சத்திரப் பதக்கத்தைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். வட்டத்தின் தலைவி பூசாரிப் பயிற்சிக்கு 1,800 பவுண்டு கேட்கிறார். உள்ளே நடப்பதை நீதிமன்றத்திலும் சொல்லக்கூடாது என்று சபதம் வாங்குகிறார். புதிய துணைவரோடு மே மாதம் கிளாஸ்டன்பரியில் கைகளை நாடாவால் பிணைக்கும் மணச்சடங்கு செய்ய ஆசை. ஊரில் அம்மாவுக்கு எதுவும் தெரியாது.

அன்புச் சகோதரி, உங்களைத் தூங்கவிடாத கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் செய்வது குற்றமில்லை. 1735-ஆம் ஆண்டின் மந்திரவாதச் சட்டம் 1951-லேயே நீக்கப்பட்டுவிட்டது. அந்தச் சட்டமும் சூனியக்காரி என்பதற்காக எவரையும் தண்டிக்கவில்லை. மந்திர சக்தி இருப்பதாகப் பாசாங்கு செய்பவர்களையே தண்டித்தது. 1944-இல் ஆவிகளோடு பேசுவதாகச் சொன்ன ஹெலன் டங்கன் என்ற பெண்ணை ஒன்பது மாதச் சிறைக்கு அனுப்பியது அந்தச் சட்டந்தான். அது போன மூன்றாம் ஆண்டில், 1954-இல், ஜெரால்ட் கார்ட்னர் விக்காவை வெளியுலகுக்கு அறிவித்த நூலை வெளியிட்டார். இந்தக் கார்ட்னர் தம் இளமையில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர், பிறகு மலாயாவில் சுங்க அதிகாரியாக இருந்தவர் என்பது நம்மவர்களில் பலருக்குத் தெரியாது.

இன்று உங்கள் நம்பிக்கைக்கு 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. மனித உரிமைச் சட்டத்தின் வழியாக ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 9-ஆம் பிரிவும் தருகிறது. 2021 குடிசன மதிப்பீட்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 74,000 பேர் தங்களைப் பேகன் (பண்டைய இயற்கை வழிபாட்டைப் புதுப்பித்துப் பின்பற்றுபவர்) என்றும், சுமார் 13,000 பேர் விக்கா என்றும் பதிந்திருக்கிறார்கள். "சட்டவிரோதம்" என்று அந்தக் கடிதம் சொல்வது தவறு. அதை இரண்டு வரியில் மறுத்துவிட்டு நகர்ந்துவிடலாம். வழக்கு அந்த வரியில் நிற்கப்போவதில்லை.

நீதிமன்றம் எதைப் பார்க்கும்?

1989-ஆம் ஆண்டின் சிறுவர் சட்டம் பிள்ளையின் நலனே எல்லாவற்றுக்கும் மேலானது என்கிறது. பிள்ளையின் விருப்பம், அவளுடைய தேவைகள், இடம் மாறினால் என்ன ஆகும், தீங்கு நேர்ந்ததா, நேருமா, பெற்றோருக்கு அவளைப் பார்த்துக்கொள்ளும் திறன் உண்டா என்று ஒரு பட்டியல் அதில் இருக்கிறது. எந்த மதம் நல்ல மதம் என்று தீர்ப்புச் சொல்வது நீதிபதியின் வேலையில்லை. 1993-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஆஸ்திரியா வழக்கொன்றில் இதைத் தெளிவாகச் சொன்னது. தாய் யெகோவாவின் சாட்சிகள் சபையில் சேர்ந்ததால் பிள்ளைகள் தகப்பனிடம் போனார்கள். மதத்தையே காரணமாக்கி முடிவெடுத்தது பாகுபாடு என்று தீர்ந்தது. உங்கள் நிலைக்கு இன்னும் நெருக்கமானது அமெரிக்காவில் இண்டியானா மாநில வழக்கு. மணவிலக்குத் தீர்ப்பு எழுதிய நீதிபதி, தாயும் தகப்பனும் இருவருமே விக்கா மரபினராக இருந்தும், மகனை வழக்கத்துக்கு மாறான மத நம்பிக்கைகளிலிருந்து காக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தார். 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வரியை அடித்தது. அது இங்கே கட்டுப்படுத்தாது; ஆனாலும் வாசிக்கத் தகுந்தது.

ஆஸ்திரியா வழக்கில் இன்னொரு பாடமும் உண்டு. அந்தச் சபையினர் இரத்தம் ஏற்றிக்கொள்வதில்லை; பிள்ளைக்கு இரத்தம் ஏற்ற வேண்டி வந்தால் தாய் மறுப்பாரா என்பதுதான் அங்கே உண்மையான கவலை. நம்பிக்கையைத் தொடாத நீதிமன்றம், நம்பிக்கையால் பிள்ளையின் உடம்புக்கோ மனதுக்கோ படிப்புக்கோ என்ன நேர்கிறது என்பதை நிச்சயம் தோண்டும். ஆகவே உங்கள் பக்கத்து வாதம் தேவியைப் பற்றி இருக்க வேண்டியதில்லை. மகள் எத்தனை மணிக்குத் தூங்குகிறாள், பள்ளி வருகை எப்படி, காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் போகிறீர்களா, தகப்பனிடம் போகும் வார இறுதிகள் தவறாமல் நடக்கின்றனவா என்பவற்றைப் பற்றி இருக்க வேண்டும்.

அந்தப் படம்

படத்தை இப்போது அழிக்காதீர்கள். அவர்களிடம் பிரதி இருக்கிறது. அழித்தால் மறைத்ததாகத்தான் படும். பார்வையாளர்களை மட்டுப்படுத்துங்கள், போதும். பிறகு உட்கார்ந்து அந்த இரவைத் தாளில் எழுதுங்கள்: எத்தனை பெரியவர்கள் இருந்தார்கள், தீயிலிருந்து மகள் எவ்வளவு தூரத்தில் நின்றாள், எத்தனை மணிக்கு வீடு திரும்பினீர்கள். அந்த வாரம் பள்ளி விடுமுறையாக இருந்திருந்தால் அதையும். படத்தில் உள்ள கத்தி கூர் தீட்டாதது, காற்றில் வட்டம் வரைய மட்டுமே பயன்படுவது, எதையும் வெட்டுவதில்லை என்று நீங்கள் எனக்கு எழுதியதை அப்படியே நீதிமன்றத்துக்கும் எழுதுங்கள். இதை விளக்காமல் விட்டால், நள்ளிரவில் பிள்ளை கையில் கத்தி என்பதே நீதிபதியின் மனதில் நிற்கும்.

கத்தியைப் பஸ்ஸில் கொண்டுபோவது பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். பொது இடத்தில் கூரான ஆயுதம் வைத்திருப்பது 1988-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மதக் காரணம் ஒரு தற்காப்பாக அதே சட்டத்தில் இருக்கிறது. சீக்கியர்கள் மத அடையாளமாக அணியும் கிர்பான் கத்திக்கு உதவும் விதி அது. ஆனால் அதை நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில். வழக்கு நடக்கும் காலத்தில் கத்தி சடங்கு நடக்கும் வீட்டிலேயே இருக்கட்டும். மகளின் கையில் இனி அது வேண்டாம்.

கார்ட்னர் வழிவந்த குழுக்கள் சிலவற்றில் ஆடையின்றிச் சடங்கு செய்யும் வழக்கம் உண்டு. எதிர்த்தரப்பு அதைக் கண்டுபிடித்து உங்கள் மேல் போடும். உங்கள் வட்டத்தில் எல்லாரும் ஆடையோடுதான் இருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்கும் வரை காத்திராமல் வாக்குமூலத்தில் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

உங்கள் நான்கு பக்க வாக்குமூலம்

நீதிமன்றத்துக்கென்று எழுதிக் கடிதத்தோடு அனுப்பிய இதைப் படித்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே கவலை வந்தது. "எங்கள் மதம் 5,000 ஆண்டுகள் பழமையானது", "ஐரோப்பாவில் எங்கள் முன்னோரான 90 இலட்சம் பெண்களை உயிரோடு எரித்தார்கள்" என்று தொடங்குகிறீர்கள். வட்டத்தில் அப்படிச் சொல்லித்தந்திருப்பார்கள். நீங்கள் நம்பி எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் நிற்காது.

90 இலட்சம் என்பது 18-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் குவெட்லின்பர்க் நகரத்துப் பதிவுகளை வைத்து ஒருவர் ஐரோப்பா முழுவதற்கும் பெருக்கிச் சொன்ன கணக்கிலிருந்து வந்தது. இன்றைய வரலாற்றாசிரியர்கள் 40,000 முதல் 60,000 வரை என்று மதிப்பிடுகிறார்கள். அதுவே கொடுமையான எண், பெரிதாக்கத் தேவையில்லை. கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள், ஆனால் எல்லாரும் பெண்களில்லை. ஐஸ்லாந்தில் ஆண்களே அதிகம். இங்கிலாந்தில் எரிக்கவில்லை, தூக்கிலிட்டார்கள். அவர்கள் தேவியை வணங்கிய இரகசிய மதத்தினர் என்பதற்கும் சான்றில்லை. 1921-இல் மார்கரெட் மரே அப்படி எழுதினார். பின்னர் வந்த ஆய்வாளர்கள் அதை ஏற்கவில்லை. ரொனால்ட் ஹட்டன் 1999-இல் வெளியிட்ட ஆய்வு, விக்கா இருபதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் உருவானது என்பதை விரிவாகக் காட்டியது. பேகன்களில் பலரே அதை மதித்து ஏற்றுக்கொண்டார்கள். கன்னி, தாய், கிழவி என்ற முப்பெரும் தேவி உருவமும் இன்றைய வடிவில் கவிஞர் ராபர்ட் கிரேவ்ஸ் 1948-இல் எழுதியதிலிருந்து பரவியதுதான்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இதையெல்லாம் பத்து நிமிடத்தில் தேடி எடுத்துவிடுவார். குறுக்கு விசாரணையில் முதல் பக்கம் இடிந்தால், மூன்றாம் பக்கத்தில் மகளின் படுக்கை நேரம் பற்றி நீங்கள் சொன்ன உண்மையும் சேர்ந்தே ஆட்டம் காணும். அதைவிட முக்கியமாக, உங்கள் உரிமைக்குப் பழமை தேவையே இல்லை. நேற்றுத் தோன்றிய மதமானாலும், மனதார நம்பி வாழ்கிறவருக்குச் சட்டம் பாதுகாப்புத் தரும்.

உண்மையான வரலாறு தலைகுனியத் தக்கதும் இல்லை. கார்ட்னரின் சடங்குகளுக்கு அழகான மொழி கொடுத்தவர் டோரின் வாலியன்டே என்ற பெண். ஹங்கேரியிலிருந்து அகதியாக வந்த சூசன்னா புடபெஸ்ட் 1971-இல் லாஸ் ஏஞ்சலிஸில் பெண்களுக்கென ஒரு குழுவைத் தொடங்கி, பெண்களின் வாக்குரிமைக்குப் போராடிய சூசன் பி. ஆன்டனியின் பெயரை அதற்குச் சூட்டினார். 1975-இல் டாரட் சீட்டுப் பார்த்துப் பலன் சொன்னதற்காகக் கைது செய்யப்பட்டு, இது என் மதம் என்று நீதிமன்றத்தில் வாதாடித் தோற்றார். பத்தாண்டு கழித்து அந்த வகைத் தடைகள் கலிபோர்னியாவின் உச்ச நீதிமன்றத்தில் விழுந்தன. 1978-இல் கேரல் கிரைஸ்ட் என்ற இறையியலாளர், கடவுளை ஆணாக மட்டுமே கேட்டு வளர்ந்த பெண்ணுக்குத் தன் உடம்பையும் வலிமையையும் நல்லதென்று காண ஒரு பெண் உருவம் தேவைப்படுகிறது என்று வாதிட்டார். உங்கள் கடிதத்தில் உடம்பைப் பற்றி நீங்கள் எழுதிய அந்த ஒரு வாக்கியம் இதைத்தான் சொல்கிறது. அந்த வாக்கியத்தோடு வாக்குமூலத்தைத் தொடங்குங்கள். அதை எந்த வழக்கறிஞராலும் பொய் என்று காட்ட முடியாது.

காளியும் நீங்களும்

"எங்கள் வட்டத்தில் காளியையும் அழைக்கிறார்கள், ஆகவே நான் இந்து என்றே சொல்லிவிடலாமா?" என்று கேட்கிறீர்கள். மறைப்பதற்காகச் சொல்லாதீர்கள். வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் அம்மன் படத்துக்கு விளக்கேற்றுகிறீர்கள், மகளும் கூட நிற்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள்; அது உண்மை, அதையும் எழுதுங்கள், வட்டத்தையும் எழுதுங்கள். இரண்டும் ஒருவரிடம் இருப்பது சட்டத்துக்குப் பிரச்சினை இல்லை. மகளிடம் "நாங்கள் இந்து என்று மட்டும் சொல்" என்று சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள். பிள்ளைக்குப் பாடம் சொல்லி அனுப்பிய தாயை நீதிமன்றம் மன்னிப்பது அரிது.

அங்கே காளியைக் கிழவியின் இடத்தில் வைத்துக் கோபத்தை வெளியேற்றும் சடங்கு நடந்தபோது உங்களுக்கு ஒவ்வாமல் போனதையும் எழுதியிருந்தீர்கள். நம் வீடுகளில் காளி அம்மா. பிள்ளைக்கு அம்மை போட்டால் ஓடிப்போய் முறையிடும் இடம். மேற்கத்திய தேவி நூல்களில் அவள் பெரும்பாலும் அழிவின் உருவமாகவே வருகிறாள். இதை வட்டத்தில் எழுந்து சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. சொல்ல விடாத வட்டமாக இருந்தால், அடுத்து வரும் விஷயத்தை இன்னும் கவனமாகப் பாருங்கள்.

பணமும் சபதமும்

எந்தச் சபதமும் நீதிமன்றத்தில் உண்மை சொல்லும் கடமையிலிருந்து உங்களை விடுவிக்காது. வழக்கறிஞரிடம் நீங்கள் பேசுவதற்கு இரகசியப் பாதுகாப்பு உண்டு. வட்டத்தின் சபதத்துக்கு அது கிடையாது. தலைவி தெரியாமல் சொல்லியிருக்கலாம். இதைச் சொல்லிப் பாருங்கள், ஏற்றுக்கொண்டால் நல்லது. கோபப்பட்டாலோ, மற்றப் பெண்களை உங்களிடமிருந்து விலக்கினாலோ, அந்த இடத்தில் மகளை வைத்திருக்காதீர்கள்.

1,800 பவுண்டு விஷயத்தில் அவசரம் வேண்டாம். மரபான விக்கா குழுக்கள் பல, தீட்சைக்குப் பணம் வாங்குவதே தவறு என்று கருதுபவை. பயிற்சி நிலையம் போல் கட்டணம் வாங்கி நடத்துபவர்களும் உண்டு. அது மோசடி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அது வணிகமென்றால் நுகர்வோர் சட்டம் பொருந்தும். இணையத்தில் பதிந்து பணம் கட்டினால் பொதுவாக 14 நாளுக்குள் விலகலாம். எழுத்தில் ஒப்பந்தம், இடையில் விலகினால் எவ்வளவு திரும்பும் என்ற விவரம், ரசீது ஆகிய மூன்றும் கையில் வராமல் பணம் கொடுக்காதீர்கள். வழக்குச் செலவு முன்னால் நிற்கிறது. பிள்ளை பற்றிய தனியார் வழக்குகளுக்கு 2013 முதல், குடும்ப வன்முறைக்குச் சான்று இருந்தாலன்றி, அரசின் சட்ட உதவி பெரும்பாலும் கிடைப்பதில்லை.

பதக்கம்

இதில் உங்களுக்குப் பிடிக்காத பதில்தான் என்னிடம் இருக்கிறது. 2013 ஜனவரியில் ஸ்ட்ராஸ்பர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சிலுவைச் சங்கிலி பற்றிய இரண்டு பிரிட்டன் வழக்குகளை ஒன்றாகத் தீர்த்தது. விமான நிறுவன ஊழியர் வென்றார். மருத்துவமனைத் தாதி தோற்றார். கழுத்தில் தொங்கும் சங்கிலியை நோயாளி பிடித்திழுக்கலாம், காயத்தில் படலாம் என்ற காரணம் ஏற்கப்பட்டது. உங்கள் வார்டிலும் அதுவே நடக்கும். மேலாளரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: சிலுவைக்கும் தாலிக்கும் அதே விதிதானா? ஆம் என்றால் பதக்கத்தைக் கழற்றிப் பையில் வையுங்கள். உங்கள் நட்சத்திரத்துக்கு மட்டும் தடை என்றால் அது பாகுபாடு; தொழிற்சங்கத்திடம் போங்கள். முறையீட்டுக்குக் காலக்கெடு குறுகியது.

மே மாதச் சடங்கு

செய்யுங்கள், சந்தோஷமாகச் செய்யுங்கள். ஆனால் இங்கிலாந்தில் அந்தச் சடங்கு மட்டும் உங்களைச் சட்டப்படி மனைவியாக்காது. கிளாஸ்டன்பரி தேவி கோயில் 2003-இல் வழிபாட்டிடமாகப் பதிவானது என்பதைச் சொல்லியிருக்கிறீர்கள். வழிபாட்டிடப் பதிவு வேறு, திருமணம் நடத்தும் பதிவு வேறு. ஸ்காட்லாந்தில் சட்டம் வேறு, அங்கே அங்கீகாரம் பெற்ற பேகன் குருமார் நடத்தும் திருமணம் செல்லும். இங்கே பதிவகத்தில் நோட்டீஸ் கொடுத்து 28 நாள் காத்திருந்து பதிவுத் திருமணமும் செய்துவிடுங்கள். இலண்டனில் கோயிலில் தாலி கட்டிப் பதியாமல் விட்ட நம்மவர்களும் இதே குழியில் விழுகிறார்கள். மதச் சடங்கு மட்டும் நடந்தால் அது திருமணமே இல்லை, பிரியும்போது சொத்தில் மனைவி என்ற பங்கும் கேட்க முடியாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020-இல் உறுதி செய்துவிட்டது. பல ஆண்டு சேர்ந்து வாழ்ந்தாலே மனைவி உரிமை வந்துவிடும் என்பதும் இந்த நாட்டில் இல்லாத சட்டம்.

இனி உடனே செய்ய வேண்டியது

பிரசுரத்துக்குக் காத்திருக்க வேண்டாம் என்பதால் இந்தப் பகுதியை உங்களுக்கு ஏற்கெனவே தனியாக அனுப்பிவிட்டேன். உங்கள் முன்னாள் கணவர் வழக்குப் போடுவதற்கு முன் பொதுவாக மத்தியஸ்தத் தகவல் கூட்டத்துக்குப் போயாக வேண்டும். அவர் உங்களை அடித்தோ மிரட்டியோ இருந்தால், அந்த வழி உங்களுக்குக் கட்டாயமில்லை. அதை முதலில் உங்கள் சொலிசிட்டரிடம் சொல்லுங்கள். இல்லையென்றால் போங்கள். பன்னிரண்டு வயது வரை இரவுச் சடங்குகளுக்கு மகளை அழைத்துப் போகமாட்டேன், பகல் விழாக்களில் மட்டும் வருவாள், கத்தி கிடையாது, படம் கிடையாது என்று நீங்களே முன்வைத்தால், தகப்பனின் கவலையில் நியாயமான பகுதி தீர்ந்துவிடும். அவர் கோயிலுக்கு அழைத்துப் போவதை நீங்களும் தடுக்கமாட்டீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தகப்பனுக்குப் பயம் வந்ததைப் பகை என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் படத்தை முன்னறிவிப்பின்றிப் பார்க்கும் எந்தப் பெற்றோருக்கும் நெஞ்சு பதறும்.

வழக்கு போனால், முதல் விசாரணைக்கு முன், பிள்ளையின் நலன் பற்றிக் குடும்ப நீதிமன்றத்துக்கு ஆலோசனை சொல்லும் காஃப்காஸ் அமைப்பின் அதிகாரி உங்கள் இருவரையும் தொலைபேசியில் அழைப்பார். அவர் மதப் பாடம் கேட்க அழைப்பதில்லை. மகளின் ஒரு சாதாரண வாரம் எப்படிப் போகிறது என்று சொல்லுங்கள். வட்டத்தைப் பற்றிக் கேட்டால் மூன்று நான்கு வாக்கியத்தில் நேராகச் சொல்லுங்கள்.

அம்மாவிடம் இந்த வாரமே நீங்கள் பேசுங்கள். முன்னாள் கணவரின் உறவினர் வாயால் "உன் மகள் சூனியக்காரி ஆகிவிட்டாள்" என்று முதலில் கேட்டால், பிறகு எவ்வளவு விளக்கினாலும் எடுபடாது.

அந்தச் சொலிசிட்டரின் கடிதத்துக்கு நீண்ட பதில் எழுதாதீர்கள். கடிதம் கிடைத்தது; உங்கள் நம்பிக்கை சட்டப்படியானது; மகளின் பாதுகாப்பு பற்றிய எந்தக் கவலையையும் மத்தியஸ்தத்தில் பேசத் தயார்; வார இறுதிச் சந்திப்புகள் முன்போலவே தொடரும். இவ்வளவு போதும். 14 நாள் முடியும் முன் அனுப்புங்கள். பிரதியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.